மஞ்சள் கறையும் மின்சாரமும்

கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து திரும்பிய வெள்ளை வேட்டியில் சாம்பார்க் கறை. சோப்பைப் போட்டதும் மஞ்சள் செக்கச்செவேல் என்று ஆகிறது. பயந்துபோய் அலசினால் மறுபடி மஞ்சள். தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தபோது அப்பாயி சொல்வார்: "விடுய்யா, தேய்க்காத. வெயில்ல போடு, தன்னால போயிரும்." புதுக்கோட்டை வெயிலில் ஒரு பகல் முழுக்கக் கொடியில் கிடந்த வேட்டியை மாலையில் எடுத்துப் பார்த்தால், கறை இருந்த இடமே தெரியாது.

மஞ்சள் எங்கே போனது? வெயில் துணியைத் துவைக்கவில்லை. எதையும் கரைத்து எடுத்துப் போகவும் இல்லை. மொட்டைமாடியில் இரண்டு கோடைகள் கிடந்த பிளாஸ்டிக் வாளி, தொட்டதும் பொடிப்பொடியாக உடைகிறது. கோயில் திருவிழாவுக்குக் கட்டிய பதாகையில் முதலில் சிவப்பும் மஞ்சளும் வெளுத்து, நீலம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. எல்லா இடத்திலும் வெயில் எதையோ உடைக்கிறது. உடைக்க ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் உடைக்கும் வேலையில் இறங்குவதற்கு முன்பாகவே அதை ஒரு கம்பி வழியாக வெளியே இழுத்துவிட முடியாதா?

முடியும். பிளாஸ்டிக்கில் செய்த சூரியக் கலம் செய்வது இதைத்தான். 1986இல் அதன் முன்னோடிக் கலம் தன்மேல் விழுந்த வெயிலில் 100க்கு 1 பங்கை மின்சாரமாக்கியது. இன்று ஆய்வகங்களில் அந்த எண் 20ஐத் தொட்டு நிற்கிறது. 1 எப்படி 20 ஆனது என்பதுதான் இந்த அத்தியாயம்.

கை கோத்த வரிசை

மஞ்சளுக்கு நிறம் தரும் மூலக்கூறின் பெயர் குர்குமின். அதில் கார்பன் அணுக்கள் வரிசையாகக் கை கோத்து நிற்கின்றன. ஒரு பக்கத்து அணுவோடு ஒரு கையால், மறுபக்கத்து அணுவோடு இரு கையால். ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி. இந்த அமைப்பில் சில எலக்ட்ரான்கள் தனியொரு அணுவுக்குச் சொந்தமாக இருப்பதில்லை. வரிசை நெடுகிலும் பரவிக் கிடக்கின்றன. அப்படிப் பரவிய எலக்ட்ரான்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சும். குர்குமின் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாக வருகிறது. கேரட்டின் நிறமும் இதே போன்ற வரிசையால் வந்ததுதான்.

ஒளியை விழுங்கிய எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறுகிறது. அங்கே அதனால் நிற்க முடியாது. ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஓரிரு பங்கு நேரத்துக்குள் இறங்கிவிடும். பெரும்பாலும் அந்த ஆற்றல் வெறும் சூடாகக் கழிந்துபோகும். எப்போதாவது ஒருமுறை பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் இடையில் புகுந்து, வரிசையில் ஒரு இரட்டைக் கையைப் பிரித்துவிடும். வரிசை அறுந்தால் நிறம் போச்சு. துண்டுகள் துணியில்தான் இருக்கும், நிறமில்லாமல் இருக்கும்.

மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்

மின்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போடுவது அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால். பாலித்தீன் பையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் கார்பன் வரிசைதான், ஆயிரக்கணக்கில். ஆனால் எல்லாமே ஒற்றைக் கை. எலக்ட்ரான்கள் அவரவர் இடத்தில் கட்டுண்டு கிடக்கின்றன.

ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வரும் ஒரு பிளாஸ்டிக்கைச் செய்தால்? தோக்கியோவில் ஹிதெகி ஷிராகவாவின் ஆய்வகத்தில் அப்படியொன்றைச் செய்துகொண்டிருந்தபோது, வினையூக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகப் போட்டுவிட்டார்கள். கறுப்புப் பொடி வரவேண்டிய இடத்தில் வெள்ளித் தகடு போல மின்னும் படலம் வந்தது. 1977இல் ஷிராகவாவும், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆலன் மெக்டயர்மிட், ஆலன் ஹீகர் இருவரும் சேர்ந்து அந்தப் படலத்தின் மேல் அயோடின் ஆவியைச் செலுத்தினார்கள். அதன் கடத்துதிறன் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு ஏறியது. 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு மூவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

ஒரே அலகு திரும்பத் திரும்பக் கோத்து வரும் நெடுஞ்சங்கிலியைப் பாலிமர் என்கிறோம். பாடநூல்கள் பலபடி என்று சொல்லும். நமக்கு வேண்டியது மஞ்சளைப் போல ஒளியை விழுங்கி, கம்பியைப் போல எலக்ட்ரானைக் கடத்தும் பாலிமர். இந்த இரண்டும் ஒரே அமைப்பிலிருந்து வருவது நம் அதிர்ஷ்டம்.

உள்ளங்கைத் தண்ணீர்

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. கடையில் வாங்கும் சூரியத் தகட்டில் இருப்பது சிலிக்கான். அதில் ஒளி பட்டால் எலக்ட்ரான் உடனே விடுபட்டு ஓடும். பிளாஸ்டிக்கில் அது நடக்காது. மேலே ஏறிய எலக்ட்ரானும் அது விட்டுவந்த காலியிடமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. காலியிடத்துக்குத் துளை என்று பெயர். இந்த இரண்டும் சேர்ந்த இணையைப் பிணைசோடி என்று அழைப்போம். சோடியாக இருக்கும்வரை மின்சாரம் இல்லை. பிரித்தால்தான் உண்டு.

பிரிக்க வழி இருக்கிறது. எலக்ட்ரானை ஆசையோடு வாங்கிக்கொள்ளும் வேறொரு பொருளைப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானைக் கொடுக்கும் பாலிமர் ஈவான். வாங்கிக்கொள்ளும் பொருள் ஏற்பான். இரண்டும் தொடும் எல்லைக்குச் சோடி வந்து சேர்ந்தால் எலக்ட்ரான் அந்தப் பக்கம் தாவிவிடும், துளை இந்தப் பக்கம் நின்றுவிடும்.

ஆனால் வந்து சேர வேண்டுமே! பிணைசோடி, உள்ளங்கையில் அள்ளிய தண்ணீர். அள்ளிக்கொண்டு நாலு எட்டு நடக்கலாம். பத்தாவது எட்டில் கை காலி. பிணைசோடி தன் ஆயுளுக்குள் நகரும் தூரம் ஏறத்தாழ 10 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனை எட்டாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு.

1986இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவன ஆய்வகத்தில் சிங் டாங் வெளியிட்ட கலத்தில் ஈவான் ஓர் அடுக்கு, ஏற்பான் அதன்மேல் இன்னோர் அடுக்கு. 100க்கு 1 கிடைத்தது என்று சொன்னேனே, அது இதுதான். அவருடையவை பாலிமர்கள் அல்ல, சாயப்பொருள்கள். ஆனாலும் பின்னால் வந்த பாலிமர்க் கலங்கள் எல்லாம் இந்தக் கருத்தின் பிள்ளைகள். எல்லையை ஒட்டிய 10 நானோமீட்டருக்குள் பிறந்த சோடிகள் மட்டுமே பயன்பட்டன. அப்படியானால் அடுக்கை 10 நானோமீட்டராகவே வைத்துவிடலாமே என்று தோன்றும். அவ்வளவு மெல்லிய படலம் ஒளியைப் பிடிக்காது. பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடும். ஒளியைப் பிடிக்கக் குறைந்தது 100 நானோமீட்டர் வேண்டும். சோடியோ 10க்கு மேல் போகாது. பத்து மடங்கு இடைவெளி. பிளாஸ்டிக் சூரியக் கலத்தின் முப்பது ஆண்டு வரலாறு இந்த இடைவெளியோடு நடந்த மல்லுக்கட்டுதான் என்றே நான் நினைக்கிறேன்.

வயலும் வாய்க்காலும்

1992இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஹீகரும் நியாசி சரிசிஃப்சியும் மற்றவர்களும் ஒரு நல்ல ஏற்பானைக் கண்டார்கள்: 60 கார்பன் அணுக்கள் கால்பந்து போலச் சேர்ந்த ஃபுல்லரின். அதன் அருகில் இருக்கும் பாலிமரில் ஒளி பட்டால், நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாமல் எலக்ட்ரான் தாவிவிடுகிறது. 1995இல் அதே ஊரில் அடுத்த அடி வைத்தார்கள். அடுக்கடுக்காக வைக்காமல், ஈவானையும் ஏற்பானையும் ஒரே திரவத்தில் கரைத்து, ஒன்றாகப் பூசி உலரவிட்டார்கள். இதைக் கலவைச் சந்தி எனலாம். 100 நானோமீட்டர் தடிமனான படலத்துக்குள் எங்கே சோடி பிறந்தாலும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு எல்லை இருக்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆயிரக்கணக்கான கண்மாய்களின் நாடு இது. கண்மாயில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. மடையிலிருந்து கடைசி வயல் வரை வாய்க்கால் அறுபடாமல் போக வேண்டும். எல்லா வயலுக்கும் வாய்க்கால் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஊரெல்லாம் குட்டிக் குட்டியாக வெட்டிப்போட்டு, ஒன்றோடொன்று சேர்க்காமல் விட்டால் அவை குழிகள். தண்ணீர் அங்கேயே தேங்கி வற்றும். கலவைச் சந்தியிலும் இதே கதை. எலக்ட்ரான் போக ஏற்பான் வழியாக ஒரு வாய்க்கால், துளை போக ஈவான் வழியாக ஒரு வாய்க்கால். இரண்டும் பின்னிப் பிணைந்திருக்க வேண்டும், இரண்டும் மின்முனை வரை அறுபடாமல் போகவும் வேண்டும். கலவை மிக நுணுக்கமானால் சோடி உடனே பிரியும், ஆனால் வழி தெரியாமல் மறுபடி சந்தித்து அழியும். கலவை கட்டி கட்டியாக இருந்தால் வழி அகலம், ஆனால் சோடி எல்லைக்கு வரும் முன்னே கை காலி.

நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் உண்டு: பதம்.

ஆதனக்கோட்டை வறுபதம்

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் ஆதனக்கோட்டை. சாலையோரத்தில் புகை எழும். பெண்கள் இரும்புச் சட்டியில் முந்திரிக் கொட்டைகளைப் போட்டு வறுத்துக்கொண்டிருப்பார்கள். கொட்டையின் தோட்டிலிருந்து எண்ணெய் கசிந்து தீப்பிடிக்கும். கொஞ்சம் முன்னால் இறக்கினால் தோடு உடையாது, எண்ணெய் கையைப் புண்ணாக்கிவிடும். கொஞ்சம் பின்னால் இறக்கினால் பருப்பு கருகிப்போகும். அவர்கள் கையில் கடிகாரம் இல்லை, வெப்பமானி இல்லை. புகையின் நிறத்தையும் கொட்டையின் மினுமினுப்பையும் பார்த்து இறக்குகிறார்கள்.

இந்தப் புத்தகத்துக்கு நான் தேர்ந்தெடுத்திருக்கும் எடுத்துக்காட்டுக் கலமும் அடுப்பில் ஏறியதுதான். அதன் ஈவான், பி3எச்டி என்ற பாலிமர். கந்தகம் உள்ள வளையங்கள் கோத்த சங்கிலி. ஒவ்வொரு வளையத்திலும் ஆறு கார்பன் நீள வால் ஒன்று, கரைவதற்காக. ஏற்பான், கரையும்படி வால் ஒட்டிய ஃபுல்லரின். கரைசலில் இந்தப் பாலிமர் ஆரஞ்சு நிறம். படலமாகிச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும்போது கருஞ்சிவப்பும் ஊதாவுமாக மாறும். முந்திரிக்காரப் பெண்களைப் போல நிறத்தைப் பார்த்தே பாதிக் கதையைச் சொல்லிவிடலாம்.

பூசியவுடன் அளந்தால் இந்தக் கலம் தரும் திறன் 100க்கு வெறும் 0.4. திறன் என்றால் விழுந்த வெயிலில் மின்சாரமாக வந்த பங்கு. அவசரமாக உலர்ந்த படலத்தில் சங்கிலிகள் சிக்குப்பிடித்த நூலாய்க் கிடக்கின்றன. ஃபுல்லரின்கள் இடையிடையே தனித்தனியாக மாட்டியிருக்கின்றன. 2003இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் பாடிங்கர், ரிட்பெர்கர், சரிசிஃப்சி மூவரும் அதை 75 டிகிரியில் நான்கே நிமிடம் சூடாக்கினார்கள். 0.4 என்பது 2.5 ஆனது. சூடாக்கும்போதே மின்னழுத்தமும் கொடுத்தார்கள், 3.5 ஆனது. புதிதாக ஒரு பொருளும் சேர்க்கவில்லை. அதே இரண்டு பொருள், அதே தடிமன். நான்கு நிமிட அடுப்பு.

சூட்டில் சங்கிலிகள் நெகிழ்ந்து, நீட்டி நிமிர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொள்கின்றன. நெருக்கிக்கொண்டு நின்ற ஃபுல்லரின்கள் வெளியே தள்ளப்பட்டுத் தங்களுக்குள் சேர்ந்து தொடராகின்றன. இரண்டு வாய்க்காலும் ஒரே நேரத்தில் தூர்வாரப்படுகின்றன. 2005இல் ஹீகர் குழு 150 டிகிரியில் அரைமணி நேரம் வைத்து 5ஐ எட்டியது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் யாங் யாங்கின் குழு எதிர்த்திசையில் போனது: பூசிய படலத்தை மூடிவைத்து மெல்ல மெல்ல உலர்த்தியது. நிழலில் காயவைக்கும் பொறுமைதான் அது. 4.4 கிடைத்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர சென்டிமீட்டர், ஏறக்குறைய விரல் நகத்தின் அளவு. உச்சி வெயில் அதன்மேல் 100 மில்லிவாட்டைக் கொட்டுகிறது. நன்றாகப் பதம் வந்த பி3எச்டி கலம் அதிலிருந்து தருவது சுமார் 10 மில்லிஆம்பியர் மின்னோட்டம், 0.6 வோல்ட் மின்னழுத்தம். பெருக்கினால் 6 மில்லிவாட். ஆனால் முழு ஓட்டத்தையும் முழு அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. வழியில் தேங்கும் இழப்பு போக மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். ஆக, 4 மில்லிவாட். 100க்கு 4.

மீதி 96 எங்கே? சூரியனிலிருந்து வரும் ஒளித்துகள்கள் 100ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாலிமருக்குப் பசிக்கும் நிறங்களில் இருப்பவை 22தான். அடர்சிவப்பும் அதைத் தாண்டிய அகச்சிவப்பும் இதன் வழியே சும்மா போகின்றன. அந்த 22இல் சுமார் 15 எலக்ட்ரான்களாக வெளியே வந்துவிடுகின்றன. பதம் செய்த வேலை அது, பாராட்ட வேண்டியது. ஆனால் பிடித்த ஒவ்வொரு துகளும் எலக்ட்ரானைக் குறைந்தது 1.9 வோல்ட் உயரத்துக்கு ஏற்றியிருக்கிறது. வெளியே வரும்போது 0.6 வோல்ட்தான் மிச்சம். மச்சிலிருந்து தரைக்குக் குதித்தது போல, பாதிக்கு மேல் உயரம் சூடாகப் போய்விட்டது. சோடியைப் பிரிக்க ஒரு படி இறக்கம் தேவைதான். இந்தக் கலத்தில் அந்தப் படி தேவைக்கு மேல் ஆழம்.

ஆக, பதத்தால் செய்ய முடிந்ததைப் பதம் செய்து முடித்துவிட்டது. இனி ஆளை மாற்ற வேண்டும்.

ஏற்பானை மாற்றியபோது

யாரை மாற்றுவது? பல ஆண்டுகள் எல்லோரும் ஈவானையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். திறன் 7, 9, 11 என்று மெல்ல ஏறியது. ஃபுல்லரின் மட்டும் கோயில் சிலை போல இடம் மாறாமல் இருந்தது. அதற்கு இரண்டு குறை உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது அதிகம் பிடிப்பதில்லை. எனவே படலத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு பாதி வேலைதான் செய்கிறது. அதன் ஆற்றல் படியை நம் விருப்பத்துக்கு எளிதில் உயர்த்தவோ தாழ்த்தவோ முடியாது.

2015இல் பெய்ஜிங்கில் ஜான் ஷியாவ்வெய் குழு ஐடிஐசி என்ற புதிய ஏற்பானை அறிமுகம் செய்தது. தட்டையான நீள மூலக்கூறு. தானும் ஒளியைப் பிடிக்கும். 2019இல் சாங்ஷா நகரின் நடுத் தென்பல்கலைக்கழகத்தில் ட்சோ யிங்பிங் என்ற வேதியியலாளரின் குழு ஒய்6 என்ற ஏற்பானைச் செய்தது. வளைந்த முதுகு, இரு முனையிலும் எலக்ட்ரானை இழுக்கும் கைகள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வரை, ஏறத்தாழ 930 நானோமீட்டர் அலைநீளம் வரை ஒளியை விழுங்கும்.

அதே நகக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மின்னோட்டம் 25.3 மில்லிஆம்பியர். மின்னழுத்தம் 0.83 வோல்ட். கைக்கு வரும் பங்கு நான்கில் மூன்று. பெருக்கினால் 15.7 மில்லிவாட். 100 ஒளித்துகளில் 15 பயன்பட்ட இடத்தில் இப்போது 37. எனக்கு வியப்பு தருவது மின்னழுத்தம். ஒய்6 ஏற்றும் உயரம் சுமார் 1.3 வோல்ட்தான், பி3எச்டியைவிடக் குறைவு. ஆனால் அதில் 0.83 வெளியே வந்துவிடுகிறது. ஆழமான படி இல்லாமலே சோடி பிரிகிறது. எப்படி இவ்வளவு சிறிய இறக்கத்தில் பிரிகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. அதன்பிறகு ஈவானையும் ஏற்பானையும் இன்னும் செதுக்கி, மூன்றாவதாக ஒரு பொருளையும் சிட்டிகை சேர்த்து, 18, 19 என்று ஏறி 20க்கு வந்திருக்கிறார்கள்.

வீட்டுக் கூரைக்கு விற்கும் சிலிக்கான் தகடுகளும் 20ஐ ஒட்டித்தான். அப்படியென்றால் போட்டி முடிந்ததா? முடியவில்லை. அந்த 20, நக அளவுக் கலத்தில், ஆய்வகத்தில், 25 டிகிரியில் அளந்தது.

மறுபடியும் கொடியில் வேட்டி

சித்திரை மாத நண்பகலில் புதுக்கோட்டைக் கூரையில் இருக்கும் ஒரு தகடு 60 டிகிரியைத் தாண்டும். நான்கு நிமிடம் சூடாக்கினால் பதம் வந்த அதே படலத்தைத் தினமும் பல மணி நேரம் அடுப்பில் வைத்தால்? ஃபுல்லரின்கள் சேர்வதை நிறுத்துவதில்லை. கட்டிகளாகத் திரண்டு வளர்ந்து, பதம் முற்றிவிடும். இறக்கிவைக்க முடியாத சட்டி அது. இதற்காகவே இப்போது ஏற்பான்களையும் சங்கிலியாகக் கோத்துப் பாலிமர் ஆக்குகிறார்கள். நீளச் சங்கிலி எளிதில் நகராது. வந்த பதம் வந்தபடி நிற்கும்.

அடுத்தது மஞ்சள் கறையின் சிக்கலேதான். ஒளி, ஆக்சிஜன், இரட்டைக் கை. ஐடிஐசி, ஒய்6 போன்ற ஏற்பான்களில் நடு உடலையும் முனைக் கையையும் இணைக்கும் இடத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. பல கலங்களில் எலக்ட்ரானைச் சேகரிக்கத் துத்தநாக ஆக்சைடு பூசுவார்கள். வியர்க்குருவுக்குத் தடவும் காலமின் மருந்தில் இருக்கும் அதே பொருள். புற ஊதா ஒளி பட்டால் அது பக்கத்தில் உள்ள அந்த இரட்டைப் பிணைப்பை உடைக்கிறது. ஆகவே புற ஊதாவை வடிகட்டும் மேலுறை, துத்தநாகத்துக்குப் பதில் வெள்ளீய ஆக்சைடு, காற்றும் ஈரமும் புகாத ஒட்டு என்று வேலை நடக்கிறது. திறனை உயர்த்திய செய்திக்குக் கிடைக்கும் கைதட்டல் இந்த வேலைக்குக் கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, சிலிக்கானே போதாதா என்று கேட்கலாம். ராமநாதபுரம் கமுதியில் பரந்த நிலத்தில் 648 மெகாவாட் நிலையம் சிலிக்கானால் நடக்கிறது. அங்கே அது போதும். ஆனால் 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள கண்ணாடித் தகட்டை ஓட்டு வீட்டின் மேலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் மேலும் ஏற்றுவது எளிதல்ல. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கடந்தபின் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்து ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. பாய் போலச் சுருட்டி உள்ளே எடுத்து வைத்து, புயல் ஓய்ந்ததும் திண்ணையில் விரித்துக் கைபேசியையும் ஒரு விளக்கையும் உயிர்ப்பிக்கும் தகடு, அன்றைக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்! சிலிக்கானை 1,414 டிகிரியில் உருக்க வேண்டும். பாலிமர் மையைச் செய்தித்தாள் போல அச்சடிக்கலாம். அதற்கும் நல்ல கரைப்பான் வேண்டும். இப்போது பயன்படும் குளோரின் கலந்த கரைப்பான்கள் அச்சகத் தொழிலாளியின் மூச்சுக்கு ஆகாதவை.

புதுக்கோட்டைக்கு வடமேற்கே சித்தன்னவாசல் குடைவரையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தாமரைக்குளம் ஒன்று பூத்திருக்கிறது. அங்கே பூசியவை பெரும்பாலும் மண்ணிலும் கல்லிலும் எடுத்த நிறங்கள்: சுண்ணாம்பு, காவி, பச்சைமண். அவற்றில் அறுந்துபோக நீளச் சங்கிலி இல்லை. சிலிக்கான் அந்தக் கல் குடும்பம். பாலிமர் கலம் மஞ்சள் குடும்பம்.

ஆய்வகங்களில் இப்போது கலத்தை விளக்கொளியில் தொடர்ந்து வைத்து, திறன் தொடக்கத்தில் இருந்ததில் 100க்கு 80 பங்குக்கு எப்போது இறங்குகிறது என்று மணிக்கணக்கில் பதிகிறார்கள். 1,000 மணி நேரம் தாங்கினால் நல்ல செய்தி. நம் ஊர் வெயில் சராசரியாக நாளுக்கு 5 மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம். எனவே 1,000 மணி என்பது 200 நாள். சிலிக்கான் தகட்டுக்குக் கடைக்காரர் எழுதித் தருவது 25 ஆண்டு, அதாவது சுமார் 45,000 மணி. வேட்டியில் இருந்த மஞ்சள் தாங்கியது 5.